சவுரம்மா வீட்டுச் சிலுவைத் துண்டு

இப்போது இருக்கும் பங்குச் சாமியார் தம் காரைத் தாமே ஓட்டிக்கொள்கிறார். எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்று போன் சொல்கிறது. டிரைவர் என்று ஒருவர் தேவையில்லை. அப்படிப்பட்டவர் போன மாதம் வடமாலபேட்டையில் என் வீட்டைத் தேடி வந்து, திருவிழாவுக்குச் சிறப்பு மலர் அச்சிடுவதாகவும் சிலுவைத் துண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்.

"நான் திருத்தணி முருகனைக் கும்புடுறவன், ஃபாதர்" என்றேன்.

"தெரியும். எங்க ஆளுங்க எழுதினா எல்லாத்தையும் அற்புதம்னு எழுதிடுவாங்க. நீங்க பாத்தத எழுதுங்க" என்றார். அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் கோவிந்தன். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, பங்காருபாளையத்திலிருந்து மெட்ராஸுக்கு மாங்காய் லோடு அடித்து, அந்த ஓட்டத்திலேயே ஸ்டியரிங் பழகி லைசென்ஸ் வாங்கினேன். கல்யாணம் ஆன பிறகு ராத்திரி ஓட்டம் வேண்டாம் என்று வீட்டில் அழுகை. பங்குக் கோயில் ஜீப்புக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அன்றைக்கு என்னை வேலைக்கு எடுத்தவர் ஞானப்பிரகாசம் சாமியார். சொந்த ஊர் வேலூர்ப் பக்கம். அவரிடம்தான் நான் அதிக காலம் வேலை பார்த்தேன்.

அவர் யாரையும் ஒருமையில் பேசமாட்டார். சம்பளத்துக்கு இருந்த என்னையும் "கோவிந்தன், நீங்க" என்றுதான் கூப்பிடுவார். நேரத்தில் கறார். பூசைக்கு மணி அடித்த பிறகு உள்ளே வருகிறவர்களைப் பீடத்திலிருந்தே பார்ப்பார். அந்தப் பார்வை போதும், அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். கோபம் வந்தால் கத்தமாட்டார். ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி, முன்னால் விறுவிறுவென்று நடப்பார். நான் முதல் கியரில் அவர் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். கோபம் தீர்ந்ததும் நின்று, ஒன்றும் நடக்காததுபோல ஏறி உட்கார்ந்துகொள்வார். ஒருமுறை புத்தூர் ரோட்டில் பெட்ரோல் பங்கிலிருந்து ரயில்வே கேட் வரைக்கும் அப்படிப் போயிருக்கிறோம்.

எங்கள் பங்கைச் சேர்ந்த ஊர்களில் ஒன்று குருசுக்கண்டிகை. அரசாங்கத்துப் பலகையில் வேறு தெலுங்குப் பெயர் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது குருசுக்கண்டிகைதான். குருசு என்றால் சிலுவை. முன்பு நிலமில்லாமல் கூலிக்குப் போன குடும்பங்கள், பிறகு பட்டா கிடைத்து வேர்க்கடலை போட்டுப் பிழைத்தன. அந்த ஊரில் சவுரம்மா என்ற விதவையின் வீட்டுச் சுவரில் ஒரு மாடம். மாடத்தில் ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் சிவப்புத் துணி சுற்றி, கை அகலத்துக்கு ஒரு வெள்ளிச் சிலுவை. அதன் நடுவில் கண்ணாடி. கண்ணாடிக்குப் பின்னால் பட்டுத்துணி மேல் நூலால் கட்டிய ஒரு மரச்சிராய், ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. ஏசு அறையப்பட்ட சிலுவையின் மரம் அது என்பது ஊரின் நம்பிக்கை.

அது அந்த ஊருக்கு வந்த கதையைச் சவுரம்மாவே எனக்குச் சொன்னாள். ஜீப்பைக் கழுவத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பல்லாம் குதிரைப் படைக்காரங்க ஊருக்கு ஊரு கொளுத்திக்கினு வந்த காலம்ணா. சித்தூரு பக்கத்துலேர்ந்து ஒரு வெள்ளக்கார சாமியாரு தனியா நடந்து வந்தாரு. காய்ச்சலு. பெரிய வூட்டுக்காரங்க யாரும் சேக்கல. எங்க வம்சத்துப் பொம்பள ஒருத்தி, பண்ணைல சாணி அள்ற வேல, அவ கூழு ஊத்தினா. மூணா நாளு சாமியாரு செத்துட்டாரு. சாவறப்ப கழுத்துலேர்ந்து இத கழட்டி அவ கைல வெச்சி, குருசு, குருசுன்னாராம். அவளுக்கு வேற ஒண்ணும் பிரியல. ராகிப் பானைக்குள்ள போட்டு பொதைச்சி வெச்சிக்கினா."

அந்தப் பெண் தன் மகளிடம் கொடுத்தாள். மகள் தன் மகளிடம். செபமும் தெரியாது, பூசையும் தெரியாது. வருஷத்துக்கு ஒரு தரம் பானையிலிருந்து எடுத்து "குருசு" என்று சொல்லிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்களாம். பல தலைமுறை கழித்து வேறொரு சாமியார் அந்தப் பக்கம் வந்தபோது எடுத்துக் காட்டினார்களாம். அவர் மண்தரையில் முழங்கால் போட்டுவிட்டாராம். அன்றிலிருந்து ஏற்பட்ட வழக்கம் இது: பொருள் கோயிலுக்குப் போகும், ஊர் சுற்றும், ஆனால் பெட்டியைத் திறந்து வெளியே எடுப்பது அந்த வீட்டு மூத்த பெண் மட்டும்தான். சாமியார் அவள் கையிலிருந்துதான் வாங்க வேண்டும்.

ஞானப்பிரகாசம் சாமியாரிடம் ஒருநாள் கேட்டேன்: "அது மெய்யாவே அந்த மரந்தானா ஃபாதர்?"

"எனக்குத் தெரியாது, கோவிந்தன். பின்பக்கத்து அரக்கு முத்திரை பாதி உருகிப்போச்சு. ரோமாபுரிச் சான்று எதுவும் இல்ல" என்றார். தெரியாததைத் தெரியும் என்று அவர் சொல்லமாட்டார். திருவிழாவில் மைக் பிடிக்கும்போதும் "நம் முன்னோர் வணங்கிவந்த சிலுவைத் துண்டு" என்றுதான் சொல்வார். "மெய்யான" என்ற சொல் அவர் வாயில் வராது. ஊர்க்காரர்களுக்கு அதில் வருத்தம்தான்.

சான்று இல்லாவிட்டாலும் மரியாதையில் ஒரு குறையும் வைக்கமாட்டார். செப்டம்பரில் திருச்சிலுவைத் திருவிழாவுக்கு முதல் நாள் ஜீப்பைக் கழுவி, பின்சீட்டில் கிடக்கும் டீசல் கேன், ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வர வேண்டும், பீடி கூடாது. சாமியார் சிவப்பு மேலாடை போட்டுச் சவுரம்மா வீட்டு வாசலில் நிற்பார். சவுரம்மா தோளில் வெள்ளைத் துணி போட்டு, அதன் முனையால் கையை மூடிக்கொண்டு, வெறுங்கை படாமல் சிலுவையை எடுத்து வருவாள். அவர் வாங்கி நெஞ்சோடு பிடித்து முன்சீட்டில் உட்காருவார். அதற்குப் பிறகு ஹாரன் அடிக்கக் கூடாது. யாரையும் முந்தக் கூடாது. ஆட்டுமந்தை போனால் மந்தைக்குப் பின்னால்தான் போக வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்குப் போக மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் போயாக வேண்டும். பின்னால் வரும் பஸ் டிரைவர்கள் தலையை நீட்டி, "ஏமய்யா, பெள்ளி ஊரேகிம்பா?" என்று, கல்யாண ஊர்வலமா எனத் தெலுங்கில் கேட்டுச் சிரிப்பார்கள். சாமியார் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

ஒவ்வொரு ஊரிலும் நோயாளிகளின் நெற்றியில் வைப்பார். ஒருவர் முத்தமிட்டதும் கண்ணாடியைப் பஞ்சால் துடைப்பார். அந்தப் பஞ்சை ஜனங்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். குவைத்தில் சண்டை முடிந்து மறுபடி வேலைக்கு ஆள் எடுக்க ஆரம்பித்த பிறகு, பஞ்சுக்குக் கூட்டம் அதிகமாயிற்று. கடப்பா ஏஜெண்டுகள் வந்து வீட்டுவேலைக்குப் பெண்களைக் கூட்டிப் போனார்கள். போகிற பெண்கள் பஞ்சைப் பாவாடை ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். அப்படிப் போனவர்களில் சவுரம்மாவின் ஒரே மகள் லூர்துமேரியும் ஒருத்தி. புருஷன் விட்டுவிட்டுப் போனவள். பிள்ளை இல்லை.

அவள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்த செப்டம்பரில் லீவு கிடைத்திருக்கிறது, திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அந்த வருஷம் ஆடி மாதம் சவுரம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிவிட்டது. திருப்பதி ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஜீப்பில் கொண்டுபோனேன். போகும் வழியில் சாமியார் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொட்டிய எம்பொண்ணு வந்து எடுக்கும் சாமி. வேற யாரும் தொடக் கூடாது."

"யாரும் தொடமாட்டாங்க" என்றார் சாமியார்.

அவள் திரும்பி வரவில்லை. குருசுக்கண்டிகைக் கல்லறையில் அடக்கம் செய்தோம். நானும் ஒரு பிடி மண் போட்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சாமியார் வைத்துக்கொண்டார். கண்டிகைப் பக்கம் போகும் நாளில் எல்லாம் தாமே திறந்து, மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டு வருவார்.

லூர்துவுக்கு எப்படிச் சொல்வது? அவள் வேலை செய்த வீட்டில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தார்கள். லீவுக்கு முன்னால் அனுப்பமாட்டார்கள். செய்தி தெரிந்தால் அங்கே தனியாக அழுது என்ன ஆவாளோ என்று எல்லோருக்கும் பயம். புத்தூர் எஸ்.டி.டி. பூத்துக்கு அவள் பேசும் நாளில் சாமியாரே போய் ரிசீவரை எடுத்தார். நான் வெளியில் நின்றிருந்தேன். "அம்மாவுக்கு உடம்பு முடியலம்மா, இங்க வரைக்கும் வர முடியல" என்றார். வெளியே வந்தவர், ஜீப்பில் ஏறாமல் நடக்க ஆரம்பித்தார். அன்றைக்குக் கோபம் யார் மேல் என்று எனக்குப் புரிந்தது. பேசாமல் பின்னால் போனேன்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலை அவள் விமானம். சாமியாருக்கு விருந்தாளிகள், வேலை. "நீங்க போய்க் கூட்டிவாங்க. வழியில எதுவும் சொல்ல வேணாம். நான் வடமாலபேட்டை கூட்ரோட்டுல நிக்கிறேன், நான் சொல்லிக்கிறேன்" என்றார். விடிவதற்குள் மெட்ராஸ் போய்ச் சேர்ந்தேன்.

லூர்து நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா வர்லியாண்ணா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இவ்ளோ தூரம் எப்டிம்மா?" என்றேன். பொய் சொல்லவில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பூந்தமல்லி தாண்டியதும் பேச ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. வருஷக் கணக்காகத் தமிழ் பேசாதவள்போலப் பேசினாள். அம்மாவுக்கு ஒரு கம்பளி வாங்கியிருக்கிறாள், பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருக்குமாம். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்கு விடுவார்களாம். அங்கே ஒரு மலையாளத்து நர்ஸ் அவளுக்குச் சிலுவைக் கதையைச் சொன்னாளாம்.

"உனுக்குத் தெரியுமாண்ணா? எலேனான்னு ஒரு ராணி. ராசாவுக்கு அம்மா. வயசான காலத்துல ஏசு செத்த ஊருக்கே போய், இந்த மேட்டத் தோண்டுங்கடான்னுச்சாம். தோண்டினா மூணு சிலுவை கீது. ஏசுவோட ரெண்டு கள்ளனுங்களையும் அறைஞ்சாங்க இல்ல? எது ஏசுதுன்னு எப்டித் தெரியும்? சாவக் கெடந்த ஒரு பொம்பளைய இட்டாந்து ஒண்ணொண்ணா தொட வெச்சாங்களாம். மொத ரெண்டுக்கு ஒண்ணும் ஆவல. மூணாவது தொட்டதும் அவ எழுந்து குந்திக்கினாளாம்! அந்த மரத்தத்தான் துண்டு துண்டா ஒலகத்துக்கே அனுப்பினாங்களாம். நம்மூரு குச்சியும் அதுலேர்ந்து வந்ததுதானேண்ணா?"

"இருக்கும்மா" என்றேன்.

"அம்மாவுக்கு இந்தக் கத தெரியாது. போனதும் சொல்லணும். நாளிக்கி அம்மாவுக்குக் கை நடுங்குனா நான் கீழ புடிச்சிக்கிறேன், அம்மா மேல புடிச்சிக்கட்டும். ரெண்டு பேருமா குடுக்கலாம், இல்ல?"

திருத்தணி வந்துவிட்டது. மலை தெரிந்தது. அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. ஒரு டீக்கடை ஓரமாக ஜீப்பை நிறுத்தி இஞ்சினை அணைத்தேன்.

"லூர்து, அம்மா இல்லம்மா. ஆடில போய்டுச்சி."

அவள் அழவில்லை. முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீக்கடைக்காரர் கிளாஸ்களைக் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"யாரு மண்ணு போட்டது?"

"ஃபாதர் போட்டாரு. ஊரே போட்டுச்சி. நானும் போட்டேன்."

"அப்பறம் இன்னாத்துக்குண்ணா இவ்ளோ நேரம் என்ன பேச உட்ட?"

இரண்டு கிளாஸையும் அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். "வண்டிய எடுண்ணா" என்றாள். நகரி, புத்தூர் எல்லாம் அப்படியே போயின.

கூட்ரோட்டில் சாமியார் நின்றிருந்தார். ஜீப் நின்றதும் கிட்டே வந்து வாயைத் திறந்தார். "அண்ணா சொல்ட்டாரு ஃபாதர்" என்றாள் லூர்து. அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நடக்க ஆரம்பித்தார். அவளை உட்காரவைத்துக்கொண்டே முதல் கியரில் பின்னால் போனேன். வேப்பமரத்து வளைவில் நின்று, பின்சீட்டில் ஏறினார்.

"நான் சொல்லியிருக்க வேண்டியது, கோவிந்தன். உங்க தலையில கட்டிட்டேன்" என்றார். அவளிடம், "என்னை மன்னிச்சிடும்மா" என்றார். நேராகக் கல்லறைக்குப் போனோம். அவளை அங்கே விட்டுவிட்டு நாங்கள் இருவரும் சுவருக்கு வெளியே நின்றோம்.

அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊர்க் கூட்டம். மறுநாள் யார் சிலுவையை எடுப்பது என்று பேச்சு. கமிட்டித் தலைவர் சூசை எழுந்தார். கெட்டவர் இல்லை; அடக்கத்துக்குக் குழி வெட்ட முதலில் மண்வெட்டி எடுத்தவர் அவர்தான்.

"சாமி, தப்பா நெனைக்காதீங்க. நாளிக்கி திருப்பதிலேர்ந்து பெரிய மனுசங்கல்லாம் வர்றாங்க. குவைத்துக்குப் போய் வந்த பொம்பளைங்களப் பத்தி ஊர்ல நாலு விதமா பேசறாங்க. அந்தக் கையால எடுத்தா நல்லா இருக்குமா? இந்த வருசம் கமிட்டி எடுக்கட்டும்."

லூர்து பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். சாமியார் சத்தம் உயர்த்தவில்லை.

"சூசை, சிலுவையக் கண்டெடுத்த எலேனம்மா ராணி ஆகறதுக்கு முன்ன என்ன வேலை செஞ்சாங்க தெரியுமா? சத்திரத்துல வேலைக்காரி. வழிப்போக்கனுங்க குதிரைக்குத் தண்ணி காட்டுறது, எச்சில் பாத்திரம் கழுவுறது. அந்தக் காலத்து ஆயர் ஒருத்தரே அப்படிச் சொல்லியிருக்காரு. அவங்களப் பத்தியும் நாலு விதமாப் பேசியிருப்பாங்க."

"அது ராணி ஆய்ட்டாங்க சாமி" என்றார் சூசை. சிலர் தலையாட்டினார்கள்.

அப்போது லூர்து எழுந்தாள். "பெரீப்பா, நான் அங்க இன்னா பண்ணேன்னு என்னியே கேளு, சொல்றேன். பாத்ரூம் கழுவினேன். பாரு, கை வெந்து தோலு உரிஞ்சி கீது. ஒரு கெழவிய குளுப்பாட்டினேன், பீ மூத்தரம் அள்ளினேன். எங்கம்மாக்கு நான் செய்ய வேண்டியத, யாரோ ஒரு கெழவிக்கு செஞ்சிக்கினு இருந்தேன். எங்கம்மாக்கு யாரு செஞ்சாங்கன்னுகூட எனுக்குத் தெரியாது."

அவள் உட்கார்ந்துகொண்டாள். சூசையின் மனைவி மரியாள் மெதுவாக எழுந்து, அத்தனை பேர் முன்னால் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"நம்ம ஸ்டெல்லாவுக்கு பாஸ்போட்டு வந்து பொட்டில கீது. தை மாசம் அதுவும் போவுது. திரும்பி வந்தா அதையும் கோயிலுக்குள்ள உட மாட்டியா நைனா?"

கணவனை அவள் "நைனா" என்று கூப்பிட்டது பிள்ளைகள் அப்பாவைக் கூப்பிடும் பழக்கத்தில். ஆனால் அன்றைக்கு மகளே எழுந்து கேட்டதுபோல இருந்தது. சூசை தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை சாமியார் சிவப்பு மேலாடையோடு அந்த வீட்டு வாசலில் நின்றார். பூட்டு திறந்திருந்தது. பேண்டுக்காரர்கள் தயார். திருப்பதி விருந்தாளிகள் குடைபிடித்து நின்றார்கள். நான் ஜீப் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன். லூர்து வெள்ளைத் துணியைத் தோளில் போட்டு, கையை மூடி, சிலுவையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். சாமியார் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை.

கொடுக்கக் கூடாது என்று இல்லை, அவளால் முடியவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது. முதல் நாளிலிருந்து வராத அழுகை. வாசிப்பதா நிறுத்துவதா தெரியாமல் பேண்டு வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்றன. சூசை ஏதோ சொல்ல முன்னால் வந்தார். சாமியார் திரும்பாமலே தலையை அசைத்து வேண்டாம் என்றார். நேரத்தில் இம்மியும் பிசகாத அந்த மனிதர், நீட்டிய கையை நீட்டியபடியே வெயிலில் நின்றார். இறக்கவில்லை. ஊரும் நின்றது. அவள் அழுது முடித்து, துணி முனையால் கண்ணாடியைத் துடைத்து, தானாகவே அவர் கையில் வைத்தாள்.

அன்று ஊர்வலம் தாமதம். எந்த ஊருக்கும் சொன்ன நேரத்துக்குப் போகவில்லை. சாமியார் ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை.

லூர்து மறுபடி குவைத்துக்குப் போனாள். நான்தான் ஏர்போர்ட்டில் விட்டேன். ஸ்டெல்லாவும் அவள் கூடவே போனாள். தன் முதலாளிக்குத் தெரிந்த வீட்டிலேயே அவளுக்கு வேலை ஏற்பாடு செய்து வைத்திருந்தாள் லூர்து. ஞானப்பிரகாசம் சாமியார் மாற்றலாகிப் போய், வேலூரில் ஓய்வெடுத்து, அங்கேயே காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். ஜீப்பைப் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச வருஷம் கழித்து லூர்து ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி, கூட்ரோட்டில் டிபன் கடை வைத்தாள். வருஷா வருஷம் அவள்தான் பெட்டியைத் திறக்கிறாள்.

போன செப்டம்பரில் பஸ் ஏறித் திருவிழாவுக்குப் போனேன். வேலையில் இருந்த காலத்தில் வண்டியை விட்டு நகர முடியாது. அதனால் முத்தமிடுகிற வரிசையில் நான் நின்றதே இல்லை. அன்றைக்கு நின்றேன். என் முறை வந்தபோது புதுச் சாமியார் சிலுவையை நீட்டினார். பக்கத்தில் லூர்து, தலை நரைத்து, கையில் பஞ்சோடு நின்றிருந்தாள். கண்ணாடியில் கண்ணை ஒற்றிக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

நிமிர்ந்தபோது அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இன்னாண்ணா இப்டி எளைச்சிட்ட? பஸ்ஸுக்கு ஓடிடாத. வூட்டுக்கு வந்து துன்னுட்டுப் போ."